பாண்டிலட்சுமியின் வயது

அத்தா ஜெகபர் அலியின் மையித்தைக் குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, முகம் மட்டும் தெரியும்படி முன்னறையில் கிடத்திவிட்டு ஆண்கள் வெளியே போனார்கள். பெண்கள் உள்ளே வந்தார்கள். அந்த நேரத்தில் யார் யார் எங்கே இருந்தார்கள் என்று ருமானா மனசுக்குள் வரிசை போட்டுக்கொண்டாள். அது அத்தா கற்றுக்கொடுத்த பழக்கம். எந்தக் கூட்டமானாலும் முதலில் வருகைப் பதிவு, பிறகுதான் பேச்சு என்பார்.

தலைமாட்டில் பர்ஹத் மாமி, அத்தாவின் தங்கச்சி. கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்தாள். குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை மனப்பாடமாக ஓதினாள். நடுவில் ஒரு வரி தட்டினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். கால்மாட்டில் ருமானா. உள்ளறையில், கதவுத் திரைக்கு அந்தப் பக்கம், வெள்ளைச் சேலையில் அம்மா பைரோஜா. தெருப் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நான்கு வரிசை. முதல் வரிசையில் ஜமாத்துப் பெரியவர்கள். இரண்டாவதில் ஓய்வுபெற்ற வாத்தியார்கள், ஆளுக்கொரு குடையோடு. மூன்றாவதில் ருமானாவின் கணவன் உபைதுல்லாவும் மிளகாய் வத்தல் கமிஷன் கடைக்காரர்களும். அவர்கள் சட்டையை உதறும்போதெல்லாம் வாத்தியார் வரிசையில் யாராவது தும்மினார்கள். நாலாவது வரிசை காலியாகக் கிடந்தது. அதற்குப் பின்னால் சங்கிலிமுத்துவும் பட்டாசுத் தொழிலாளர் சங்கத்து ஆட்களும் நின்றுகொண்டிருந்தார்கள். பாதி நாள் லீவு சொல்லிவிட்டு நேராக வந்தவர்கள். நக இடுக்கில் பட்டாசுக்குப் போடும் வெள்ளி மருந்து மின்னியது. எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை.

தம்பி தவுபிக் எங்கும் உட்காரவில்லை. போனைக் காதில் வைத்தபடி பந்தலுக்கும் பிரச்சார ஆட்டோவுக்கும் நடந்துகொண்டிருந்தான்.

கடைசியாக, வாசல் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும். கையில் சாப்பாட்டுத் தூக்குவாளி. பத்து மணிக்கு ஆம்புலன்ஸ் வந்ததிலிருந்து அங்கேயே நிற்கிறாள். யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஏதோ மனுக் கொடுக்க வந்தவள் என்று நினைத்துக்கொண்டார்கள்; அந்த வீட்டு வாசலில் மனுவோடு யாராவது நிற்பது புதிதல்ல.

ஜெகபர் அலி முப்பத்தாறு வருடம் வாத்தியார். கடைசி ஒன்பது வருடம் ஒரு கிராமத்து நடுநிலைப்பள்ளியில் தலைமை ஆசிரியர். ஓய்வு பெற்ற மறு மாதமே பட்டாசுத் தொழிலாளர்களுக்கு மனு எழுத உட்கார்ந்தார். மனு எழுதி எழுதியே கவுன்சிலர் ஆனார். இந்தத் தடவை சங்கம் அவரைச் சட்டமன்றத்துக்குச் சுயேச்சையாக நிறுத்தியது. கரும்பலகைச் சின்னம் கேட்டார். காலிபிளவர் கொடுத்தார்கள்.

"ஏன் சார், நம்ம கரிசக் காட்டுல காலிபிளவரை எவன் கண்டான்?" என்று சங்கிலிமுத்து தலையில் கைவைத்தபோது, "கண்டிராத பொருளைத்தானப்பா சனம் உத்துப் பாக்கும்" என்று சிரித்தவர். இப்போது வேப்பமரத்தடியில் ஆட்டோ நிற்கிறது. அதன் முதுகில் ஆளுயரக் காலிபிளவர். பக்கத்தில் அத்தாவின் முகம், முகத்துக்குக் கீழே தவுபிக் தன் சிவகாசி அச்சகத்தில் நான்கு கலரில் அடித்த வாசகம்: 'பட்டாசுக் கம்பெனி வாசலிலிருந்து பிள்ளைகளைப் பள்ளிக்கூட வாசலுக்குக் கூட்டி வந்தவர்.'

வாக்குப்பதிவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

எப்படி நடந்தது என்பதைச் சங்கிலிமுத்து அன்று குறைந்தது முப்பது பேரிடம் சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி சொன்னார்.

"காலம்பற ஆறே முக்காலுக்கு நாரணாபுரம் முக்குல நிக்கோம். கம்பெனி வேன் ஆளேத்துற நேரம். அப்பத்தான மொத்தமா சனத்தப் பாக்கலாம். சாரு சிரிச்ச முகமா கும்பிடு போட்டுக்கிட்டே ஓட்டுக் கேட்டாக. அப்படியே டீக்கடை முன்னாடி கெடந்த கல்லுல உக்காந்தாக. தண்ணின்னு கேட்டாக. நான் திரும்பி வாங்கிட்டு வாரதுக்குள்ள..."

அந்த இடத்தில் அவர் குரல் உடையும். கேட்டவர்கள் 'உச்' கொட்டுவார்கள். தொட்டிப் பக்கம் நின்ற பெண் ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்துகொண்டாள். அதை ருமானா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அழுகிறாள் என்று நினைத்தாள்.

நாலரை மணிக்குச் சந்தூக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். பெண்கள் வாசலோடு நின்றார்கள். சங்கத்து ஆட்களும் தோள் கொடுத்தார்கள். தொழுகைக்கு உள்ளே போகக்கூடாதோ என்று தயங்கிப் பள்ளிவாசல் சுவரோரம் செருப்பைக் கழற்றிப்போட்டு நின்றதாகப் பிற்பாடு உபைதுல்லா சொன்னான். வீட்டிலிருந்து பள்ளிவாசல் இரண்டு தெரு தள்ளி. ஒலிபெருக்கியில் பேசினால் அடுப்படி வரைக்கும் கேட்கும்.

கேட்டது. தவுபிக்கின் குரல்தான்.

"எங்க அத்தா ஜெகபர் அலி யாருக்காச்சும் எதுவும் தரவேண்டியிருந்தா எங்ககிட்ட வந்து கேளுங்க. வாரிசு நாங்க பொறுப்பு ஏத்துக்கிறோம். யாரு மனசாச்சும் நோக நடந்திருந்தா அல்லாவுக்காக மன்னிச்சிருங்க."

ஒவ்வொரு ஜனாஸாவிலும் தொழுகைக்கு முன்னால் சொல்வதுதான். மகன் சொல்வான், மகன் இல்லாவிட்டால் அண்ணன் தம்பி சொல்வார்கள். இறந்தவர் யாருக்கும் பாக்கி வைத்துக்கொண்டு மண்ணுக்குள் போகக்கூடாது. ருமானாவுக்கு நினைவு தெரிந்து அதைக் கேட்டுவிட்டு யாரும் வந்து எதையும் கேட்டதில்லை.

ஜன்னலுக்கு வெளியே அந்தப் பெண் நிமிர்ந்து ஒலிபெருக்கி வந்த திசையைப் பார்த்தாள். பிறகு தூக்குவாளியைத் தொட்டிச் சுவர்மேல் வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

அடக்கம் முடிந்து மையவாடியிலிருந்து திரும்பியபோது தவுபிக்கின் காலில் கரிசல் மண் அப்பியிருந்தது. தொட்டியில் கால் கழுவக் குனிந்தான்.

"தம்பி, மைக்குல பேசுனது நீங்கதான?"

"ஆமாம்மா. சொல்லுங்க."

"சாரு எனக்கு ஒண்ணு தரணும்."

தவுபிக் நிமிர்ந்தான். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பைக்குள் விட்டான். "எம்புட்டு?"

"பணமில்ல தம்பி. ஒரு கையெழுத்து."

"ரேஷன் கார்டா, பென்ஷனா? எலெக்சன் நேரம்மா, இப்ப எந்த ஆபீசுலயும் எதுவும் நடக்காது."

"எம் பிள்ளை வயசுக்கு."

சங்கிலிமுத்து பந்தலிலிருந்து வேகமாக வந்தார். "ஏ சோலை, ஒனக்கு நாளு கெழமை கிடையாதா? எழவு வீட்டுல வந்துதான் பேசணுமா? கெளம்பு, நான் அப்புறம் வந்து பாக்கேன்."

"நீங்க இருங்கண்ணே. காலையில நீங்களும் பக்கத்துலதான நின்னீக? முப்பது பேருகிட்ட கதை சொன்னீகளே, நான் கேட்டதை மட்டும் ஏன் சொல்லல?"

காலையிலிருந்து முதல் தடவையாகச் சங்கிலிமுத்து பின்னால் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

ருமானா வாசல் படிக்கு வந்திருந்தாள். "உள்ள வாங்கம்மா," என்றாள். "முதல்ல ஒரு வாய் தண்ணி குடிங்க. காலையிலேருந்து நிக்கிறீகளே."

"நான் உக்கார வரலை தாயி. நாரணாபுரத்துச் சோலையம்மா நான். என்னையத் தெரியலையா? கண்ணு ஆபரேசன் முடிஞ்சு சாரு பச்சைத் துணி கட்டியிருந்தாகளே, அப்ப வந்தேன். எம் மக பாண்டிலட்சுமியக் கூட்டிக்கிட்டு."

தெரிந்துவிட்டது. முகம் அல்ல, அந்தப் பெயர்.

நாலு வருடத்துக்கு முன்னால், அத்தா ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்த சமயம். கண்ணில் துணியோடு சாய்வு நாற்காலியில் கிடந்தபடி பள்ளிக்கூட வேலையையெல்லாம் ருமானாவை வைத்து முடித்தார். இவள் கையெழுத்து அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். இவள் எழுதுவாள், அவர் கையைப் பிடித்து இடத்தைக் காட்டினால் கையெழுத்துப் போடுவார். அப்போது ஒரு தாயும் மகளும் வந்தார்கள். எட்டாவதோடு நின்றுவிட்ட பெண்; வயதுச் சான்று வேண்டும். ருமானா பள்ளிக் குறிப்பைப் பார்த்துப் பிறந்த வருடம் இரண்டாயிரத்து ஏழு என்று எழுதி வாசித்துக் காட்டினாள்.

"அதைக் கிழிச்சிட்டு வேற தாள் எடு," என்றார் அத்தா. "ரெண்டாயிரத்து நாலுன்னு போடு."

"ஏன்த்தா?"

"பதினெட்டு ஆகலைன்னா கம்பெனியில ஏத்தமாட்டான். அப்பன் இல்லாத பிள்ளை. ஆத்தாவுக்கு நெஞ்சு சரியில்ல. நாம முடியாதுன்னா அந்த வீட்டுல ஒல கொதிக்காது. எழுது."

எழுதினாள். அந்தப் பெண் இரட்டைச் சடையை முன்னால் போட்டுக்கொண்டு இவள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தது. "அக்கா, வருசம் தப்பா எழுதுறீக," என்றது. சோலையம்மாள் அதன் தொடையில் கிள்ளி, "சும்மா இருடி," என்றாள். அத்தா கண் துணியோடு சிரித்தார். "பாத்தியா, நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளை. கணக்குல புலி."

சிவகாசிக்கு மேற்கே ஒரு கம்பெனியில் வெடிவிபத்து நடந்தது அதற்கு ஆறு மாதம் கழித்து. பேப்பரில் போட்ட ஏழு பெயர்களில் 'பாண்டிலட்சுமி (18)' என்று ஒன்று இருந்தது. ருமானா அதைப் படித்தாள். படித்த ஞாபகம் இருக்கிறது. வேறு பாண்டிலட்சுமியாக இருக்கும் என்று பேப்பரை மடித்து வைத்ததும் ஞாபகம் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் தெருவுக்கு நாலு பாண்டிலட்சுமி.

"இப்ப கேஸை மறுபடி விசாரிக்காக," என்றாள் சோலையம்மாள். "செத்தது எல்லாம் பெரிய ஆளுகதான், சின்னப்பிள்ளைகளை நாங்க வேலைக்கு வைக்கிறதே இல்லைன்னு கம்பெனிக்காரன் எழுதிக் கொடுத்துட்டான். எம் மக வீட்டுல பொறந்தவ, ஆஸ்பத்திரிச் சீட்டு கெடையாது. பள்ளிக்கூடத்து ரெஜிஸ்டரு மழையில நனைஞ்சு கூழாப் போச்சுங்காக. சாரு எழுதிக் கொடுத்தா ஏத்துக்குவோம்னு ஆபீசரு சொன்னாரு. திங்கக்கெழமைக்குள்ள போய்ச் சேரணும். மூணு தடவை வந்து கேட்டுட்டேன். எலெக்சன் முடியட்டும் தாயின்னாக. இன்னைக்குக் காலையில வேன்ல ஏறி உக்காந்தவ, சாரைக் கண்டதும் எறங்கி வந்து, அதுக்குள்ள விசாரணை முடிஞ்சிருமே சார்ன்னேன். என்னையவே பாத்தாக. ஒண்ணும் சொல்லலை. பெறகுதான் கல்லுல போயி உக்காந்தாக."

பந்தலில் யாரோ நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் சத்தம் கேட்டது.

"நான் கேட்டதாலதான்னு நெனைச்சுக்கிட்டே காலையிலேருந்து நிக்கேன். போயிரலாம்னு கூட நெனைச்சேன். அப்பத்தான் மைக்குல சொன்னீக."

தவுபிக் ஒரு எட்டு முன்னால் வந்தான். "அத்தாவ மண்ணுல வச்சு அரை மணி நேரம் ஆகலை. என்ன எழுதணுங்கிறீக? எங்க அத்தா பொய்ச் சான்று கொடுத்தாருன்னா? கேட்டு வாங்கினது யாரு? நீங்கதான?"

"நான்தான் தம்பி. இல்லைங்கலையே. ஆபீசருகிட்டயும் அதைத்தான் சொன்னேன். வாங்கினவ வாய்ச்சொல்லு செல்லாதாம். கொடுத்தவக காகிதந்தான் செல்லுமாம்."

சங்கிலிமுத்து மெதுவாகத் தொண்டையைச் செருமினார். "தாயி ருமானா, ஒரு விசயம் சொல்றேன், கேளு. பெரிய கட்சிக்காரன் செத்தா எலெக்சனை நிறுத்துவான். சுயேச்சை செத்தா நிறுத்தமாட்டான். நம்ம உசுருக்கு அம்புட்டுத்தான் மரியாதை. சாரு பேரு மிஷின்ல அப்படியே இருக்கும். இன்னைக்குச் சனம் அழுத அழுகையப் பாத்தேல்ல? சாரு ஜெயிச்சிருவாக. ஜெயிச்சா மறுபடி ஒரு எலெக்சன் வந்துதான் ஆகணும். அதுல தம்பியை நிறுத்துறோம். முப்பதாயிரம் தொழிலாளிக்கு ஒரு வாய் கெடைக்கும். ஒம்பது நாளு, அம்புட்டுத்தான். அதுக்குள்ள இந்தக் காகிதம் வெளிய வந்துச்சுன்னா?" ஆட்டோவின் முதுகை அவர் பார்த்தார். அந்த வாசகத்தை வாசிக்கவில்லை.

"திங்கக்கெழமைக்குப் பெறகு எழுதினா செல்லாதுண்ணே," என்றாள் சோலையம்மாள்.

"செல்லலைன்னா என்ன புள்ள? போன உசுரு திரும்பியா வரப்போகுது?"

"வராதுதான்." அவள் தொட்டிச் சுவரிலிருந்து தூக்குவாளியை எடுத்தாள். காலையில் கட்டிய சோறு புளித்த வாடை அடித்தது. "பதினஞ்சு வயசுல போனவளுக்கு எல்லாக் காகிதத்துலயும் பதினெட்டுன்னு போட்டுருக்கு. அந்த மூணு வருசத்தை யாரு வாழ்ந்தா? எம் மக வாழலையே."

அவள் கடைசி நாரணாபுரம் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தும் நிற்காமல் பஸ் நிலையத்துப் பக்கம் நடந்தாள்.

மறுநாள் புதன்கிழமை. துக்கம் கேட்க வந்தவர்கள் காலையிலிருந்து வந்தபடி இருந்தார்கள். பத்து மணிக்கு ஆட்டோவின் காலிபிளவருக்கு மேலே ஒரு கறுப்பு ரிப்பன் கட்டித் தவுபிக் அதை மறுபடி கிளப்பிவிட்டான். போன வாரம் பதிவுசெய்த பேச்சு. அத்தாவின் குரல் தெருவைக் கடந்துபோனது: "தாய்மார்களே, உங்க வீட்டுப் பிள்ளை ஒவ்வொண்ணும் என் வகுப்புப் பிள்ளை..."

உள்ளறையில் பைரோஜா கையிலிருந்த தஸ்பீஹ் மணியை உருட்டுவதை நிறுத்தினாள். குரல் தேய்ந்து மறையும்வரை நிறுத்தியே இருந்தாள்.

ருமானா சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்தாள். "நாலு வாயாச்சும் சாப்பிடுங்கம்மா."

"எனக்கு ஓட்டுப் போட முடியாது பாத்தியா," என்றாள் பைரோஜா. கணவன் இறந்தால் நாலு மாதம் பத்து நாள் இத்தா, வீட்டுப்படி தாண்டக்கூடாது. "நாப்பது வருசமா யாராருக்கோ போட்டேன். அவுகளுக்குப் போட முடியலை."

மத்தியானம் உபைதுல்லா வந்து மனைவியைத் தனியாகக் கூப்பிட்டான். மிளகாய்க் கடையிலிருந்து நேராக வந்ததால் கண் சிவந்திருந்தது, அல்லது அழுதிருக்கலாம். "தவுபிக் சொன்னான். நீ பாட்டுக்கு எதையாச்சும் எழுதி வச்சிராதே. அந்தச் சான்றுல உள்ள எழுத்து ஒன்னோடது. நாளைக்கு ஒன்னையவும் சேத்துத்தான் கூப்பிட்டு விசாரிப்பாக. தெரியுதா?"

"தெரியுதுங்க."

"தெரிஞ்சா சரி." அவன் போனவன் திரும்பி வந்தான். "ஒரு காகிதந்தான எழுதினே?"

காலையிலிருந்து அதைத்தான் அவள் எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தாவின் கண்ணில் துணி இருந்தது பத்து நாள். அந்தப் பத்து நாளில் வீட்டுக்கு வந்த தாய்மார்கள் எத்தனை பேர்? எத்தனை தடவை அத்தா 'வருசத்தைக் கொஞ்சம் முன்னால தள்ளு' என்றார்? இரண்டா, நாலா? ஒரு முகமும் நினைவில் வரவில்லை. பாண்டிலட்சுமி தப்பைச் சொன்னாள். மற்றவர்கள் வாய் திறக்கவில்லை. அந்தக் காகிதங்கள் இன்றைக்கு எந்தக் கம்பெனி பீரோவில் இருக்கின்றனவோ.

இன்னொன்றும் இருந்தது. திங்கட்கிழமை சாயங்காலம், சாவுக்கு முந்தின நாள், அத்தா பிரச்சாரம் முடிந்து வந்து போன் பண்ணினார். "ருமானா, நாளைக்கு வந்துட்டுப் போம்மா. ஒரு கடுதாசி எழுத வேண்டியிருக்கு. ஒங்கிட்ட இருக்கிற லெட்டர்பேடைக் கொண்டா." யாருக்காவது ஏதோ மனு எழுதவேண்டியிருக்கும் என்று நினைத்தாள். இந்தக் கடுதாசிதானா, வேறு ஏதாவதா? இனித் தெரியப்போவதில்லை. இதுதான் என்று வைத்துக்கொண்டால் மனசுக்கு வசதியாக இருக்கும். வசதியாக இருக்கிறது என்பதாலேயே அவளுக்கு அதை நம்பப் பிடிக்கவில்லை.

மாலை அஸர் தொழுதுவிட்டு அத்தாவின் மேசை முன்னால் உட்கார்ந்தாள். மேசையில் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன: கோந்து பாட்டில், குண்டூசி டப்பா, ஒரு பக்கம் எழுதிய தாள்களைச் செருகி வைத்த கிளிப், மூடி கழன்ற நீல மைப் பேனா. அவள் கை பேனாவை நோக்கிப் போனது.

"அதை எடுக்காதே."

பைரோஜா திரைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றிருந்தாள். இரண்டு நாளில் குறுகிப்போனவள் மாதிரி இருந்தாள்.

"அந்தப் பொம்பளைக்குத்தான எழுதப்போறே?"

"ஆமாம்மா."

"என்ன எழுதுவே?"

"நடந்ததை."

"அவுக பேரு வராம எழுத முடியாதா?"

ருமானா யோசித்துப் பார்த்தாள். உண்மையாகவே, ஒவ்வொரு வாக்கியமாக, மாற்றி மாற்றி யோசித்துப் பார்த்தாள். "முடியாதும்மா."

பைரோஜா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெருமுனையில் மறுபடி அத்தாவின் குரல் வந்தது, காலிபிளவருக்கு வாக்குக் கேட்டு. இருவரும் அது போகும்வரை காத்திருந்தார்கள்.

"தவுபிக் அங்க மைக்குல என்ன சொன்னான்? நானும் கேட்டேன்," என்றாள் பைரோஜா. "சபையில சொல்லிட்டு வந்துட்டான்." பிறகு, "அவுக பேனா வேணாம். ஒன் பேனாவுல எழுது," என்று சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் போனாள்.

ருமானா கைப்பையிலிருந்து தன் பேனாவை எடுத்தாள். அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள், பார்வை. அத்தா சொல்லிக்கொடுத்த வரிசையில் இடது ஓரம் இரண்டு விரற்கடை விட்டு எழுதினாள்.

'மேற்படி வயதுச் சான்றில் உள்ள எழுத்து முழுவதும் என்னுடையது. கையொப்பம் என் தந்தை காலஞ்சென்ற ஜெகபர் அலி அவர்களுடையது. அப்போது கண் அறுவை சிகிச்சை காரணமாக அவர் தாமே எழுதும் நிலையில் இல்லை. பள்ளிக் குறிப்பின்படி பிறந்த ஆண்டு 2007. என் தந்தை சொன்னதன் பேரில் நான் அதை 2004 என்று எழுதினேன். தவறு என்று தெரிந்தே எழுதினேன். எழுதும்போது அருகில் நின்ற அந்தப் பெண் பாண்டிலட்சுமியே வருடம் தவறு என்று என்னிடம் சொன்னாள்.'

இங்கே நிறுத்தினாள். அடுத்த வரிக்கு வெகுநேரம் ஆனது.

'அந்தப் பத்து நாட்களில் என் கையால் எழுதப்பட்ட மற்றச் சான்றுகளிலும் இதுபோல் இருக்கக்கூடும். எத்தனை என்று எனக்கு நினைவில்லை. அவற்றையும் சரிபார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எந்த விசாரணைக்கும் வரத் தயாராக இருக்கிறேன்.'

கீழே தன் பெயரைப் போட்டாள். ஒரு தடவை வாசித்தாள். அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை.

வியாழன், இறந்தவருக்காக மூன்றாம் நாள் பாத்திஹா ஓதும் நாள். காலையிலேயே நெய்ச்சோற்றுக்கு அடுப்பு மூட்டியிருந்தார்கள். ஒன்பதரைக்கு அவள் செருப்பைப் போட்டபோது தவுபிக் வாசலில் கட்டு கட்டாக நோட்டீஸ் இறக்கிக்கொண்டிருந்தான். புதிதாக அடித்தது, அத்தாவின் முகத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு. அக்காவின் கையிலிருந்த நீளக் கவரைப் பார்த்தான்.

"போய்த்தான் ஆகணுமாக்கா?"

"திங்கக்கெழமைக்குள்ள போய்ச் சேரணும்டா."

"கலெக்டர் ஆபீஸ் இங்கனதான இருக்கு. நேர்ல கொடுத்தா ஆச்சு," என்றான். கேலியா, கசப்பா, உதவியா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"நேர்ல கொடுத்த கடுதாசி மேசையோட தங்கிரும், தபால்ல போனா ரசீது இருக்கும்னு அத்தா சொல்லுவாக."

அவன் ஒரு நோட்டீஸ் கட்டைப் பிரித்தான். மறுபடி கட்டினான். "நான் அங்க சொன்னது எல்லாரும் சொல்றதுதான்க்கா."

"தெரியும்டா."

தபால் நிலையத்தில் கூட்டம் இல்லை. கவுண்டரில் இருந்தவர் விலாசத்தைப் பார்த்துவிட்டு அனுப்புநர் பெயரில் நிறுத்தினார்.

"ருமானா, தகப்பனார் ஜெகபர் அலி... நம்ம சாரு மகளாம்மா நீங்க?" எழுந்தே நின்றுவிட்டார். "நான் அவருகிட்ட ஏழாப்பு படிச்சவன். செவ்வாய்க்கிழமை வந்திருந்தேன், பந்தல்ல நின்னேன். எங்க வீட்டுல நாலு ஓட்டும்மா. நாலும் சாருக்குத்தான். நீங்க கவலையே படாதீக."

ருமானா தலையசைத்தாள்.

"பதிவுத் தபாலா அனுப்பணும்," என்றாள்.

"பழைய ரெஜிஸ்டர் தபால்லாம் இப்ப இல்லம்மா, எல்லாம் ஸ்பீடு போஸ்ட்தான். கையெழுத்து வாங்கிட்டுத்தான் கொடுப்பாக, பயப்படாதீக." கவரைத் திருப்பிப் பார்த்தார். "ஒட்டலையேம்மா?"

ஒட்டவில்லைதான். வீட்டில் கோந்து பாட்டிலைத் திறந்தவள், எதற்கோ மறுபடி மூடி வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"சாரு எழுதின மனுவா? போகுமுன்ன எழுதி வச்சதா?"

"இல்லீங்க. நான் எழுதினது."

ஜன்னலோரப் பலகையில் கோந்துக் கிண்ணமும் ஒரு குச்சியும் இருந்தன. கோந்து ஓரத்தில் பொருக்குத் தட்டிக் கிடந்தது. நடுவில் கிளறி, கவர் மடிப்பின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே சீராகத் தடவினாள். மடித்து, உள்ளங்கையால் அழுத்தினாள். வெளியே மதுரை ரோட்டில் ஆட்டோ ஒன்று வந்துகொண்டிருந்தது. "...என் வகுப்புப் பிள்ளை," என்றது அந்தக் குரல், சிக்னலில் நின்று, மறுபடி முதலிலிருந்து. கவுண்டர்காரர் காதுகொடுத்துக் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அழுத்திய கையை ருமானா உடனே எடுக்கவில்லை. ஈரம் காய்வதற்குக் கொஞ்சம் நேரம் கொடுத்தாள். பிறகு கவரைக் கம்பிக்கு அடியில் உள்ளே தள்ளினாள்.

அவர் எடை போட்டார், பார்கோடு ஒட்டினார், முத்திரையைத் தேதி பார்த்து ஓங்கிக் குத்தினார், பின்னால் திரும்பிப் பார்க்காமலே சாக்குக்குள் எறிந்தார். ரசீதை நீட்டினார். ருமானா அதில் விலாசம் சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்து, நான்காக மடித்தாள்.